சாவியில்லாமல் திறந்த பீரோ

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பேரனும் குறையில்லாமல் இருக்கிறீர்கள் என்ற நினைப்பிலேதான் இங்கே எங்கள் பொழுது விடிகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படியை மட்டும் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். எனக்கும் உடம்பில் ஒன்றும் இல்லை. ஒன்பதாம் வகுப்போடு பேனாவை மூடி வைத்த மனுஷன் இப்போது எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீ பயந்திருப்பாய். போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் போனில் என்றால் இரண்டாவது வார்த்தையிலேயே ஏதாவது ஜோக் அடித்து நான் நழுவிவிடுவேன், நீயும் சிரித்துவிட்டு வைத்துவிடுவாய். இந்த விஷயத்தில் அப்படி நழுவக் கூடாது. எழுத்துப் பிழைகளைக் கண்டுகொள்ளாமல் படி.

நம் தெருவில் நடந்ததை நீ அங்கேயே செய்தியில் பார்த்துவிட்டாய். வங்கிக் காவலாளியின் ஏழு வயது மகள் அப்பாவின் கைத்துப்பாக்கியை எடுத்துச் சுட்டதில் அவளுடைய சித்தி செத்துப்போனாள். போன வாரம் போனில் நீ, "நம்ம பையன் வயசுதானேப்பா அதுக்கு, நினைச்சாலே நடுங்குது, அதையெல்லாம் வெளிய விடவே கூடாது, இங்க என் ஆபீஸ்லயும் எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்லிட்டிருக்கேன்" என்றாய். நான் ம் ம் என்றேன். அந்த ம் ம்முக்குத்தான் இந்தக் கடிதம்.

அந்தக் குடும்பம் நீ போன பிறகு குடிவந்தது, அதனால் உனக்குப் பழக்கமில்லை. பிள்ளைக்கு நான் வைத்த பெயர் கேள்வி. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது என் பூட்டு சாவிக் கடையில் ஐந்து நிமிஷம் நிற்காமல் போகமாட்டாள், இந்தச் சாவிக்கு எத்தனை பல்லு, அந்தச் சாவிக்கு ஏன் பல்லு கம்மி, அது பாட்டிச் சாவியா என்று கேட்டுக் கேட்டு என் உயிரை எடுப்பாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது அந்தச் சித்திதான். இருபத்திரண்டு வயது, நர்ஸ் படிப்புக்காக அக்கா வீட்டில் தங்கியிருந்தாள். "விடுடி அவரை, இல்லேன்னா உன்னையும் ஒரு வளையத்துல கோத்து மாட்டிடுவார்" என்பாள், இரண்டும் சிரித்துக்கொண்டே போகும். நடந்த அன்று காலையில் தலை வாரும்போது சிக்கு இழுத்துவிட்டது என்று பிள்ளை அழுது, "உன்னைச் சுட்டுடுவேன்" என்று கத்தியிருக்கிறாள். பக்கத்து வீட்டம்மா காதில் அது விழுந்திருக்கிறது. சாயங்காலம் காவலாளி வேலை முடிந்து வந்து, குண்டுகளை எடுக்காமலே துப்பாக்கியை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு குளிக்கப் போயிருக்கிறார். சித்தி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாளாம். பிள்ளை துப்பாக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நின்றிருக்கிறாள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஊரில் எல்லோரும் நீதிபதி. தொலைக்காட்சியில் ஆறு பேர் ஆறு கட்டத்தில் உட்கார்ந்து கத்துகிறார்கள். காலையில் சொன்னதைச் சாயங்காலம் செய்திருக்கிறாள், இது திட்டம் போட்ட கொலை என்று ஒருவர். ஏழு வயதுக்குத் திட்டமாவது ஒன்றாவது, அப்பனை உள்ளே போடுங்கள் என்று இன்னொருவர். முடிவெட்டும் கடையில் நான் உட்கார்ந்திருந்தபோது முடிவெட்டுகிறவர், "ஏழு வயசுல எனக்கு மூக்கைச் சிந்தத் தெரியாது, இது பீரோவைத் திறந்து குறி பார்த்திருக்குங்க" என்று கத்திரிக்கோலை ஆட்ட, நாற்காலியில் இருந்த ரிட்டையர்டு வாத்தியார், "நீ முதல்ல அதைக் கீழ வச்சிட்டுப் பேசுப்பா, நடுவுல என் காது இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை, அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

இந்தச் சண்டை எல்லாம் கடைசியில் வந்து முட்டுகிற இடம் அந்த பீரோ. பூட்டினேன், சாவி என் பையில் இருந்தது என்று காவலாளி சத்தியம் செய்கிறார், யாரும் நம்பவில்லை. நம்புகிறவர்கள் அதைவிட மோசம். அப்படியென்றால் அப்பன் பையிலிருந்து சாவியைத் திருடித் திறந்து, மறுபடி பையிலேயே போட்டிருக்கிறாள், இது பிள்ளையே இல்லை, கைதேர்ந்த ஆள் என்கிறார்கள். பிள்ளையைக் கேட்டால், "மந்திரம் சொல்லித் திறந்தேன்" என்கிறாளாம். என்ன மந்திரம் என்றால், "கிடுக்கு முடுக்கு" என்றாளாம். இதை வைத்துத் தொலைக்காட்சியில் ஒரு டாக்டர் இது செல்போன் விளையாட்டில் வருகிற வார்த்தை, பிள்ளை மனசு கெட்டுவிட்டது என்று அரைமணி நேரம் விளக்கினார். நான் கடையில் சாவி ராவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அரம் சாவியைத் தாண்டி என் கட்டைவிரலில் இறங்கிவிட்டது.

அம்மாடி, அந்த வார்த்தை என்னுடையது.

போன வருஷம் அந்தப் பிள்ளையின் அம்மா பீரோ சாவியைத் தொலைத்துவிட்டுக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். உள்ளே கைப்பிடியைத் திருப்ப விடாமல் பிடிக்கிற தகடு தேய்ந்து கிடந்தது. பூட்டியிருந்தாலும் கைப்பிடியைக் கொஞ்சம் மேலே தூக்கித் திருப்பினால் கதவு திறந்துகொள்ளும். அவள் அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள், பிள்ளை மட்டும் பக்கத்தில் கண்ணை விரித்துக்கொண்டு நிற்கிறாள். உன் அப்பனுக்கு வேடிக்கை காட்ட ஆள் ஒன்று கிடைத்தால் போதாதா. கண்ணை மூடு, மந்திரம் போடுகிறேன் என்று சொல்லி, வாயில் வந்த கிடுக்கு முடுக்கைச் சொல்லித் திறந்து காட்டினேன். எனக்கும் சொல்லிக் கொடுங்க என்று குதித்தாள். அவள் கையைப் பிடித்துத் தூக்கித் திருப்ப வைத்தேன். மூன்றாவது தடவை அவளாகவே திறந்துவிட்டாள், நான் கை தட்டினேன். அன்றைக்கு உள்ளே துணிமணிதான் இருந்தது. அந்த அளவுத் தகடு கையில் இல்லாததால் பழையதையே ராவி, எண்ணெய் விட்டு மாட்டி, புதுச் சாவி போட்டுக் கொடுத்து, இப்போதைக்குத் தாங்கும், அடுத்த வாரம் புதுத் தகடு கொண்டுவருகிறேன் என்றேன். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. அவர்களும் கேட்கவில்லை, நானும் மறந்தேன். காவலாளிக்கு இதெல்லாம் தெரியாது, அவர் பூட்டுகிற பீரோ பூட்டிக்கொள்ளும் என்றுதான் அவர் நினைத்தார்.

இது தெரிந்தும் ஒன்பது நாள் நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துச் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு மனு வீடு வீடாக வந்தது. கடைக்கும் வந்தார்கள். கண்ணாடி இல்லையே, படிக்க முடியாதே என்றேன். "நெத்தியில ஏத்தி விட்டிருக்கீங்களேண்ணே" என்றாள் மனு கொண்டுவந்த பக்கத்து வீட்டம்மா. கண்ணாடியை இறக்கினேன், கையெழுத்தும் போட்டேன். ஆமாம் அம்மாடி, போட்டேன். ஐந்து பேர் சுற்றி நிற்கிறார்கள், போடாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும். அந்தப் பயம்.

அன்றைக்குச் சாப்பிடும்போது உன் அம்மா, "உங்களுக்கு என்ன ஆச்சு, ஒரு வாரமா யாரையும் கிண்டல் பண்ணல, என் சமையலைக்கூட விட்டு வச்சிருக்கீங்க" என்றாள். தட்டைத் தள்ளிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. எழுந்து போய் என் வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள். "நாளைக்குக் காலையில போங்க. அங்கேயும் போய் ஜோக் அடிக்காதீங்க" என்றாள்.

போனேன். விசாரணை நடக்கிற ஆபீஸில் மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மாதான் பெரிய அதிகாரி. நான் சொல்லச் சொல்ல முதலில் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள், புகழுக்காக வந்த பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். பிறகு ஜீப்பில் ஏற்றி அந்த வீட்டுக்கே கொண்டுபோனார்கள். பிள்ளையையும் தாயையும் வரவழைத்தார்கள். அதிகாரியம்மா தன் கையால் பீரோவைப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு, "இப்ப திறங்க" என்றார். தூக்கித் திருப்பினேன். திறந்தது. மறுபடி பூட்டி அவரே தூக்கித் திருப்பிப் பார்த்தார், அவருக்கும் திறந்தது. முப்பத்தைந்து வருஷத் தொழிலில் ஒரு பூட்டு என் கைக்குத் திறக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

பிள்ளை இளைத்துப்போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் தாயின் கையை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். இத்தனை நாளாக ஒருத்தரும் அவள் சொன்னதை நம்பவில்லை, கடைசியில் விஷயம் தெரிந்த ஆள் வந்துவிட்டார் என்பது போல என் சட்டையைப் பிடித்து இழுத்து, "தாத்தா, மேல தூக்கித்தானே திருப்பணும்? நான் சரியாத்தானே செஞ்சேன்?" என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருப்பவன் என்று என்னைச் சொல்வீர்கள். அன்றைக்கு இருந்தது இந்த ஒரு பதில்தான். "நீ சரியாத்தான் செஞ்சேம்மா, தாத்தாதான் தப்பா சொல்லிக் கொடுத்துட்டேன்" என்றேன். அவள் யோசித்துவிட்டு, "அப்ப சித்திகிட்ட யார் சொல்றது?" என்றாள்.

பிள்ளை சாவியைத் திருடவில்லை, பொய் சொல்லவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். இப்போதைக்குத் தாயோடு இருக்கலாம், வாரம் ஒருமுறை டாக்டரிடம் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். குண்டோடு துப்பாக்கியை வைத்ததற்குக் காவலாளி மேல் வழக்கு அப்படியேதான் நிற்கிறது. மனுவில் என் கையெழுத்தை அடிக்கக் கேட்டேன், அது மேலே போய்விட்டதாம், அதனால் நான் போட்டது தப்பு என்று தனியாக ஒரு தாள் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். என் மேலும் விசாரணை உண்டு. அந்த ஆறு கட்டக்காரர்கள் இப்போது என்னைப் பற்றிக் கத்துகிறார்கள். கடைக்கு ஆள் வருவது குறைந்துவிட்டது, வருகிறவர்களும் பூட்டைக் கொடுக்காமல் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நேற்று அந்தத் தாய் கடை வாசலில் வந்து நின்றாள். "என் தங்கச்சியை நினைச்சா உங்க மூஞ்சில முழிக்கத் தோணல. என் பொண்ணை நினைச்சு வந்தேன்" என்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

ஊரை விட்டுப் போகக் கூடாது என்று எனக்கு உத்தரவு. அடுத்த மாதம் உன் வீட்டுக்கு வர எடுத்த டிக்கெட்டை மறக்காமல் ரத்து செய்துவிடு. நீயாவது போய்வா என்றால் அம்மா கேட்கமாட்டேன் என்கிறாள். இன்னொன்று. அந்தப் பிள்ளையைப் பற்றி உன் ஆபீஸில் யார் யாரிடம் பேசினாயோ அவர்கள் எல்லோரிடமும் இதையும் சொல். பீரோவைத் திறக்கச் சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்பார்கள். உனக்கு வாய் வராது, எனக்குத் தெரியும். இருந்தாலும் என் அப்பா என்று சொல்லிவிடு.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க மனதார ஆசீர்வதிக்கிறேன். அம்மாவும் பக்கத்தில் இருந்து அதையே சொல்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா