பெருமாள் பக்கத்துத் தையல்

திருவள்ளூர்
9-11-1968

சௌபாக்கியவதி செங்கமலவல்லிக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். துர்காப்பூர் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்கப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். இங்கே அப்பா சௌக்கியம், என்னைப் பற்றி அப்படி எழுதக் கை வரவில்லை. அடிக்கோலை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், வரி ஏறி இறங்கியிருந்தால் கோபித்துக்கொள்ளாதே. கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டதாம், போன பார்வை போனதுதான், மிச்சம் தை வரை தாங்கினால் பெரிது என்று பட்டணத்து டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்பா பூஜை பண்ணும் சன்னிதிக்குத் தை உற்சவத்துக்குள் திரை தைத்துத் தருவதாக நான் வேண்டிக்கொண்டது உனக்குத் தெரியும். கண் இருக்கும்போதே இந்த ஒன்றையாவது முடித்துவிடத் துடித்தேன். துணியின் இழையை எண்ணி மூன்று மேலே மூன்று கீழே என்று ஊசியை ஓட்டும் தையல், முடிச்சே கிடையாது, இரண்டு பக்கமும் ஒரே கோலமாக விழும். திரைக்கு அதுதானே வேண்டும், சேவிக்கிறவர்களுக்கு ஒரு பக்கம் என்றால் பெருமாளுக்கு ஒரு பக்கம், அவருக்குப் போய் முடிச்சும் பிசிறுமாகக் காட்டுவதா? ஒரு இழை தப்பினாலும் அதற்குமேல் வருவதெல்லாம் கோணல். அதனால் வரிக்கு வரி அப்பாவிடம் காட்டுவேன், அவரும் பேஷா வந்திருக்கு, மேலே தை என்பார்.

போன வாரம் அடுத்த வீட்டுக் கோதைநாயகி விரித்துப் பார்த்துவிட்டு, என்ன மாமி, எட்டாவது வரியிலேர்ந்தே கோணிண்டு போறதே, மாமா சொல்லலையா என்றாள். முப்பத்தோரு வரி தைத்திருக்கிறேனடி! அப்பாவைக் கேட்டால், பிரிக்கச் சொன்னா இருக்கிற கண்ணும் போயிடுமேன்னுதான் சொல்லலை, பெருமாள் பொறுத்துப்பார் என்கிறார். பெருமாள் பொறுப்பார், நான் பொறுக்க வேண்டாமா? வீம்புக்குப் பிரிக்க உட்கார்ந்து, நூல் எது துணி எது என்று தெரியாமல் கத்தரித்ததில் திரை நடுவில் கிழிந்துவிட்டது. மடித்துப் பெட்டியில் போட்டாயிற்று, இனி புதிதாகத் தொடங்க நாளும் இல்லை, கண்ணும் இல்லை. பாவம், மனுஷர் எனக்காகத்தான் பொய் சொன்னார், மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் கண் போனவள் இனிமேல் யார் சொல்வதை நம்புவது, சொல்லு.

இந்தக் கண் வியாதி வம்சத்தில் வருமாம். அடுத்த மாதம், அப்புறம் என்று தள்ளாமல் அங்கே உன் கண்ணைக் காட்டு, மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள். தீர்க்க சுமங்கலியாக, குறை ஒன்றும் இல்லாமல் இரு. அடுத்த கடிதம் அப்பா கையெழுத்தில் வரும். அம்மாவுக்குக் கண் தேவலை என்றுதான் எழுதுவார், நம்பாதே. தைக்குள் வந்துவிடு, உன் முகத்தை ஒரு தரம் நானே பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அம்மா ஹேமாம்புஜம்