விட்டதும் விழ வேண்டிய தாழ்

ஜூன் 7, சனி

மொட்டைமாடிக் கதவுக்குத் தாழ் பொருத்தியாயிற்று! போன வாரம் விடியற்காலையில் என் தங்கச்சி வாண்டு அங்கே தனியாக உட்கார்ந்திருந்தாள். தெருப் பக்கம் இன்னும் கைப்பிடிச் சுவர் கட்டவில்லை. ஐந்து வயதுத் தங்கச்சி தூக்கத்தில் நடக்கிறாள் என்று தெரிந்ததிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. பூட்டினால், சாவியை எங்கே ஒளித்தாலும் மறுநாள் கதவு திறந்திருக்கிறது.

அப்பா மோட்டார் காயில் சுற்றும் கடை வைத்திருக்கிறார். மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகும் கம்பிச் சுருள், அதாவது காயில் மட்டும் அவர் சுற்றியது. மற்றதெல்லாம் என் யோசனை. பட்டனை அழுத்தினால் காயிலுக்குள் இரும்புத் தண்டு இழுபட்டு, உள்ளே பதித்த இரும்புக் கட்டையில் ஒட்டிக்கொண்டு தாழ் திறக்கும். விட்டால் ஸ்பிரிங் தள்ளி, தாழ் விழும். பட்டன் கீழே சமையலறைச் சுவரில், வாண்டுக்கு எட்டாத உயரத்தில். ஆக, இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் கீழே அழுத்திப் பிடிக்க, ஒருவர் மேலே கதவைத் தள்ள.

"துணி காயப்போடக்கூட உன்கிட்ட மனு போடணுமா, விஞ்ஞானி?" என்றாள் அம்மா. ஆனால் சிரித்தாள்.

ஜூன் 8, ஞாயிறு

இழுப்பு போதவில்லை. தண்டின் முனையை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினேன். இப்போது டக்கென்று இழுக்கிறது. எனக்கே பெருமையாக இருந்தது.

ஜூன் 9, திங்கள்

காலையில் கதவு திறந்துகிடந்தது.

வாண்டு படுக்கையில்தான் இருந்தாள். பாதங்களில் மாடியின் ஈர மண். அம்மா என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

ஜூன் 10, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். பள்ளி நூலகப் புத்தகத்தில் இருக்கிறது: மின்சாரம் நின்ற பிறகும் இரும்பில் கொஞ்சம் காந்தம் மிச்சம் இருக்குமாம். முனைகள் இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டால் அந்த மிச்சமே பிடித்து வைக்கப் போதும். வீட்டுக்கு ஓடிவந்து சோதித்தேன். பட்டனை விட்டுவிட்டு மேலே போய்ப் பார்த்தால், தாழ் விழவே இல்லை! ஞாயிறு சாயங்காலம் அம்மா துணி எடுத்தபோது திறந்தது அப்படியே நின்றிருக்கிறது. நான் தேய்த்ததுதான் வினை. ரொம்ப நன்றாகச் செய்துவிட்டேன்.

பித்தளையைக் காந்தம் இழுக்காது. அதனால் காயிலைக் கழற்றி, முனைகளுக்கு நடுவே மெல்லிய பித்தளை வில்லை ஒன்றை வைத்தேன். இப்போது விட்டதும் விழுகிறது. "போதும்டி, டக்கு டக்குன்னு காது வலிக்குது" என்று அம்மா கத்தும்வரை சோதித்தேன்.

ஜூன் 12, வியாழன்

மறுபடியும் கதவு திறந்திருந்தது.

காயிலைக் கழற்றினேன். வில்லை இல்லை. தண்டின் முனை புதிதாகத் தேய்க்கப்பட்டுப் பளபளக்கிறது. வில்லை என் ஜியோமெட்ரி பெட்டியில் இருந்தது, அழிரப்பருக்கும் பாகைமானிக்கும் நடுவில், பத்திரமாக.

வாண்டுக்கு ஸ்க்ரூடிரைவர் பிடிக்கவே தெரியாது. அப்பாவைக் கேட்டேன்.

"நான் தொடவே இல்லம்மா. காலைல நீ கழட்டுறதுக்கு முன்னாடி நான் பார்த்தேனே, திருகாணிப் பள்ளமெல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்னுச்சு. நம்ம வீட்ல அப்படி முடுக்குறது நீ ஒருத்திதான்."

உண்மைதான். கோணலாக நின்றால் எனக்குப் பிடிக்காது.

ஆனால் நான் — இல்லை. நேற்று சாப்பிட்டதும் படுத்துவிட்டேனே?

ஜூன் 13, வெள்ளி

வாண்டுக்குத் தலை வாரும்போது மெதுவாகக் கேட்டேன். "ராத்திரி மாடிக்குப் போறியா?"

"நீ போறப்ப போவேன்."

"நானா?"

"ஓரத்துல போய் நிப்பியே. நான் உன் சட்டையப் பிடிச்சுக்குவேன். இல்லன்னா விழுந்துடுவேல்ல? அன்னிக்கு மட்டும் நீ என்னை விட்டுட்டு இறங்கிட்ட."

சீப்பு கையிலேயே நின்றுவிட்டது. "ஏண்டி அம்மாகிட்ட சொல்லல?"

"நீதானே சொல்லக் கூடாதுன்ன." கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "நீ கண்ணத் தொறந்து பார்த்துக்கிட்டேதான் சொன்ன. ஆனா என்னைப் பார்க்கல."

ஜூன் 14, சனி

தூக்கத்தில் நடப்பது நான்தான் என்று அம்மாவிடமும் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அம்மா என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள், நான் இவ்வளவு வளர்ந்த பிறகும்.

என் தாழ் இனி உதவாது. எனக்குச் செய்யத் தெரிந்ததை அவளுக்குப் பிரிக்கத் தெரியும். எனக்கு என்று எழுதாமல் அவளுக்கு என்று எழுதிவிட்டேன். யாரது?

நான் நூலகத்துக்குப் போயிருந்தபோது அப்பா வேறு விதமாக ஒன்று செய்து, தகரப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார். எப்படிச் செய்தார் என்று கேட்க நாக்கு துடிக்கிறது. "கேட்டாலும் சொல்லாதீங்கப்பா" என்று நானே சொல்லிவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

கதவு மூடியே இருக்கிறது. அப்பா காப்பியோடு வந்து தாழை ஆட்டிப் பார்த்துவிட்டு, "பார்த்தியா!" என்று என் முதுகில் தட்டினார். வாண்டு இன்னும் எழுந்திருக்கவில்லை. என் சட்டை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டே தூங்கியிருக்கிறாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எழுந்து வந்தேன்.

தகரப் பெட்டி மூடியில் நான்கு திருகாணிகள். அப்பா முடுக்கினால் ஆளுக்கொரு பக்கம் பார்த்து நிற்கும். மூன்று அப்படித்தான் நிற்கின்றன.

ஒன்று நேராக நிற்கிறது.