நூற்றுப் பதினெட்டு வரை எண்ணுவது

மக்கா,

உன் கச்சேரிக் கறுப்புக் கோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. "பீரோவுல சும்மா கெடந்து என்ன செய்ய? நீங்க போட்டுக்கிடுங்கண்ணே" என்று உன் வீட்டுக்காரி கொண்டுவந்து கொடுத்தாள். அந்துருண்டை வாசனை தூக்கியடிக்கிறது. இன்று சயானில் நம் இசைக்குழு ஒத்திகைக்கு அதைப் போட்டுக்கொண்டு போனேன். போட்டிருக்கக் கூடாது.

நாம் சேர்ந்து வாசித்த அதே இசைதான். சாகிறவனின் உயிர் எங்கே போகிறது என்று அறுபது வாத்தியங்கள் தேடித் தேடி ஓயும் இடத்தில், நான் ஒரே ஒரு தடவை அந்தப் பெரிய சேகண்டியை அடிக்க வேண்டும். அதற்கு முன்னால் நூற்றுப் பதினெட்டுத் தாளக் கட்டங்களை எண்ணிக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். ஒன்று தவறினாலும் மானம் போய்விடும்.

தாராவி சர்ச் பேண்டில் டிரம் அடித்துக்கொண்டிருந்த நம் இரண்டு பேரையும் இந்த மேற்கத்திய இசைக்குழுவில் சேர்த்துக்கொண்ட நாளிலிருந்து நீதான் என்னைக் காப்பாற்றினாய். பக்கத்தில் உன் பெரிய செம்பு மேளங்களோடு நின்று, பத்துக் கட்டத்துக்கு ஒரு விரல் காட்டுவாய். வயலின்கள் உருகும்போது நான் கண்ணை மூடினால், குச்சியால் முட்டியில் ஒன்று வைப்பாய். "கேக்காதலே, எண்ணு! கேட்டியோ, தொலஞ்ச." மூன்று முறை மேடையேறியும் அதை நான் முழுதாகக் கேட்டதே இல்லை.

இன்று எழுபத்து நான்கில் விட்டுவிட்டேன். முடிவு வந்தது, போனது, நான் அடிக்கவே இல்லை. "பாய், கியா ஹுவா?" என்ன ஆயிற்று என்று இந்தியில் கேட்டார் இசையை நடத்தும் மேடம். இப்போது உன் இடத்தில் வாசிக்கிற அம்மாள், செம்பூரில் பேங்க் வேலை பார்ப்பவர், "அண்ணா, நான் வேணா எண்ணிச் சொல்லட்டுமா?" என்றார். வேண்டாம் என்று எரிந்து விழுந்தேன். அவருக்கு என்ன தெரியும்?

ஆஸ்பத்திரியில் அன்று சாயங்காலம் உன் மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. பயத்தில் எனக்கு வேறொன்றும் ஓடவில்லை, எண்ண ஆரம்பித்துவிட்டேன். ஏழு. ஒன்பது. பதினொன்று. நீ கண்ணைத் திறந்து, "பயமா இருக்குலே. எதாவது பேசு" என்றாய். எண்ணிக்கை போய்விடுமே என்று நான் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன், பொறு என்று. பாவி நான்! நீயும் பேசாமல் பொறுத்துக்கொண்டாய். அடுத்த மூச்சு வரவில்லை. இருபதைத் தாண்டியும் எண்ணிக்கொண்டிருந்தேன். நர்ஸ் வந்து என் விரலைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"கடைசியா அவுக எதாவது சொன்னாகளாண்ணே?" என்று உன் வீட்டுக்காரி கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். கோட்டைக் கொடுத்த அன்றும் கேட்டாள். அன்றும் அதே பொய்தான்.

ஒத்திகை முடிந்ததும் அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை கச்சேரியில் அவரே எண்ணட்டும். அவர் என் தோளைத் தொட்டதும் அடிப்பேன். அதுவரை கண்ணை மூடிக் கேட்கப் போகிறேன். உயிர் போகும் இடத்தைப் பற்றி அதில் ஏதாவது ஆறுதல் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போவேன். இல்லாவிட்டாலும் போய்ச் சொல்லத்தான் வேண்டும், நீ கேட்டதையும் நான் செய்ததையும்.

எனக்குப் பயமாக இருக்கிறது, மக்கா. அந்தக் கட்டிலில் நான் கிடந்திருந்தால், நீ பேசியிருப்பாய்.