சூடு என்றுதான் சொன்னார்கள்

அண்ணி,

பார்லி காய்ச்சுகிற பெரிய சட்டியை இப்போதுதான் தேய்த்துக் கவிழ்த்தேன். பாண்டான் இலை வாசனை கையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. நீங்கள் போட்டுப் பழக்கியது அது. நீங்கள் வருவதற்கு முன் இந்த வீட்டில் பார்லியில் யாரும் பாண்டான் போட்டதில்லை.

போன வாரம் செம்பனை ஆலைக்கு வேலைக்குக் கிளம்பும்போது அதே வாசனை அடுப்படியிலிருந்து வந்தது. யாருக்கு என்று கேட்டேன். "அண்ணனுக்குத்தான். சூடு பிடிச்சிருக்காம். ஒன்னுக்குப் போனா எரியுதாம்," என்றாள் அம்மா, சீனியைக் கலக்கியபடி. தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிற மாப்பிள்ளைக்குச் சூடாம். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

ஆமாம், அவனுக்கு மறுபடியும் கல்யாணம். பெண் தங்காக்கில் ஜவுளிக் கடையில் வேலை செய்கிறாள். மாலினி என்று பேர். ஜாதகம் பார்த்தார்கள், இரத்தமும் பார்த்தார்கள், எல்லாம் பொருந்திவிட்டதாம். உங்கள் படத்துக்கு முன்னால் புதுச்சேலை வைத்து உத்தரவு கேட்க வேண்டும் என்று அம்மா சொன்னாள். உயிரோடு இருந்தபோது உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காதவர்கள், இப்போது உத்தரவு கேட்கிறார்கள்.

அப்போதும் அவன் இதே சொல்லைத்தான் சொன்னான். கெலாங் பாத்தாவிலிருந்து பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலம். "நாள் பூரா இஞ்சின் சூட்டுல உக்கார்ந்தா பின்ன எப்படி லா இருக்கும்," என்று அவன் முனகியதும் நீங்கள் அடுப்பைப் பற்றவைத்தீர்கள். இளநீர் வெட்டி வைத்தீர்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னீர்கள். அவன் உங்கள் பார்லியையும் குடித்தான், லாரி நிறுத்துமிடத்தில் கூட்டாளி கொடுத்த மாத்திரையையும் உங்களுக்குத் தெரியாமல் விழுங்கினான். எரிச்சல் அடங்கியது. பார்லியால்தான் அடங்கியது என்று நாம் எல்லாரும் சந்தோஷப்பட்டோம்.

பிறகு உங்களுக்கு அடிவயிற்றில் வலி வந்தது. அம்மா அதற்கும் சூடு என்றே பேர் வைத்தாள். டவுன் கிளினிக்கில் சிறுநீர்த் தொற்று என்று மாத்திரை கொடுத்தார்கள். வலி நிற்கவில்லை. வேறு நிறத்தில் மாத்திரை கொடுத்தார்கள், அப்போதும் நிற்கவில்லை. உங்களை ஜொகூர் பாருவில் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். முதல் தரம் சோதனைக்கு எடுத்துக்கொண்டு, முடிவுக்கு ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அன்று டாக்டர் சொன்னதில் ஒரு சொல்கூட எனக்கு மறக்கவில்லை.

"இது கொனோரியாம்மா. பழைய ஆளுங்க வெட்டை நோய்னு சொல்வாங்க. உடலுறவுல வர்றது. உங்க வீட்டுக்காரருக்கு எரிச்சல் ஏதும் இருந்துச்சா?"

நீங்கள் கைப்பையைத் திறந்து, அவனுடைய காற்சட்டையைத் துவைக்கும்போது கிடைத்த மாத்திரை அட்டையை எடுத்து மேசை மேல் வைத்தீர்கள். பாதி தீர்ந்திருந்தது. எத்தனை நாளாக அதை வைத்திருந்தீர்களோ தெரியாது. டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"உங்ககிட்ட எடுத்த கிருமிய லேப்ல வளர்த்து, ஒவ்வொரு மருந்தா வச்சுப் பார்த்தோம். இந்த மருந்துக்கு அது அசையவே இல்ல. இப்போ ஊசிதான் கேக்குது. அதுவும் எத்தனை காலத்துக்குக் கேக்கும்னு எங்களுக்கே பயமா இருக்கு. ஆனா உங்களுக்கு மட்டும் போட்டா பத்தாது, அவரும் வரணும். இல்லாட்டி திரும்பத் திரும்ப வரும்."

அந்த மாத்திரை அட்டையை நினைத்தால் இப்போதும் என் வயிறு எரிகிறது. ஒருத்தன் வாங்குகிறான். எரிச்சல் குறைந்ததும் மிச்சத்தை இன்னொருத்தனுக்குக் கொடுக்கிறான், பெரிய உபகாரம் செய்கிற மாதிரி. நோஞ்சான் கிருமி சாகிறது. மருந்துக்கு அடங்காதது பிழைத்து, பெருகி, அடுத்த வீட்டுக்குப் போகிறது. போய் யார் வயிற்றில் உட்காருகிறது? வீட்டில் பார்லி காய்ச்சிக்கொண்டிருக்கிறவள் வயிற்றில். டவுன் கிளினிக்கில் ஒரு சோதனையும் செய்யாமல் மாத்திரையை அள்ளிக் கொடுத்தவரையும் நான் மன்னிக்கவில்லை.

அன்றே ஊசி போட்டார்கள். அடுத்த முறை போனபோது அவன் வருவதாகச் சொல்லியிருந்தான். பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து அவனுக்கு இடம் பிடித்து வைத்தீர்கள். யாராவது உட்கார வந்தால், "ஆள் வர்றாங்க," என்றீர்கள். கடைசியில் நர்ஸ் மிஸ்ஸி உங்கள் பேரைக் கூப்பிட்டார். நீங்கள் பையை எடுத்துக்கொண்டு தனியாக உள்ளே போனீர்கள். திரும்பி வரும்போது எனக்கு வாய் நிற்கவில்லை. அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கப் போகிறேன் என்றேன். "சத்தம் போடாத பாப்பா. ஒரு தரம் அவரு வந்து உக்கார்ந்தா போதும்," என்றீர்கள்.

ஏன் வரவில்லை என்று வீட்டில் நீங்கள் மெதுவாகத்தான் கேட்டீர்கள். "என்னையே சந்தேகப்படுறியா? உனக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு நான் கேக்கவா?" என்றான் அவன். அம்மா அதைக் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் கத்தினேன். அவன் லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். நீங்கள் அடுப்படிக்குப் போய்ச் சோறு வடித்தீர்கள். அதற்குப் பிறகு அந்த வலி உங்களிடம் வருவதும் போவதுமாகவே இருந்தது.

அப்புறம் நீங்கள் உண்டானீர்கள். வீடே கொண்டாடியது. கோயிலில் அபிஷேகம் செய்தார்கள். வலிக்கிறது என்றீர்கள். "பிள்ளைன்னா வலிக்கத்தான் செய்யும்," என்றாள் அம்மா. தொற்று உங்கள் கருக்குழாயைத் தழும்பாக்கி வைத்திருந்தது. பிள்ளை வழியில் மாட்டிக்கொண்டு அங்கேயே வளர்ந்து குழாய் வெடித்துவிட்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்தது.

முகூர்த்தச் சேலை கட்டி, மஞ்சள் பூசி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து உங்களைப் படுக்க வைத்தார்கள். வந்த பெண்களெல்லாம், "சுமங்கலியாப் போயிட்டா, கொடுத்து வச்சவ," என்றார்கள். அவனைத் தொட்டுத் தொட்டு ஆறுதல் சொன்னார்கள். கொடுத்து வைத்தவளாம். அவன் கொடுத்ததைத்தானே நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டீர்கள்?

இத்தனையும் தெரிந்துகொண்டு போன வாரம் நான் எப்படிச் சும்மா இருப்பேன்? உங்கள் படத்துக்கு வைக்கிற சேலையை எடுத்து வரும்படி அம்மா என்னைத்தான் தங்காக்குக்கு அனுப்பினாள். மாலினி அதை மடித்துத் தயாராக வைத்திருந்தாள். கருநீலம், சன்னக் கரை. உங்களுக்குப் பிடித்த நிறத்தை என் தம்பி மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாளாம். அது என்னை இன்னும் வதைத்தது. கடைக்குப் பின்னால் தேநீர் விற்கிற ஒட்டுக்கடையில் அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"ரத்த டெஸ்ட் எடுத்தோமே அக்கா. ரெண்டு பேருக்கும் ஒன்னும் இல்லன்னு சொன்னாங்களே."

"அது எச்.ஐ.வி.க்கு எடுத்ததும்மா. இத அதுல பார்க்க மாட்டாங்க."

அவள் தேநீரைக் கிளறிக்கொண்டே இருந்தாள். "அப்போ அந்த அக்காவுக்கு இந்த நோய் இருந்துச்சா?"

"எங்க அண்ணனுக்கு இருந்துச்சு. அவங்களுக்குக் கொடுத்தான்."

"நீங்க அவருக்குத் தங்கச்சி. எங்கிட்ட ஏன் சொல்றீங்க?"

"எங்க அண்ணிக்கு யாரும் சொல்லல," என்றேன். நீங்கள் கைப்பையை வைத்து இடம் பிடித்ததையும் சொன்னேன்.

அவள் அங்கேயே அவனுக்கு போன் போட்டாள். சனிக்கிழமை காலையில் தங்காக் கிளினிக்குக்கு வாங்க, ரெண்டு பேரும் காட்டிட்டு வருவோம் என்றாள். அந்தப் பக்கம் அவன் கத்தியது எனக்கே கேட்டது. அவள் குரலை உயர்த்தவில்லை. போனை வைத்துவிட்டு என்னிடம், "நான் இடமெல்லாம் பிடிச்சு வைக்க மாட்டேன் அக்கா. வந்தா நின்னுக்கட்டும்," என்றாள். சேலையையும் என் மடியில் வைத்தாள். "கல்யாணம் நடந்தாலும் நடக்காட்டியும் இது அவங்களுக்குத்தான்."

சனிக்கிழமை அவன் போகவில்லை. அன்று சாயங்காலமே அவள் வீட்டிலிருந்து தாம்பூலத் தட்டு திரும்பி வந்துவிட்டது. அம்மா என்னோடு பேசுவதில்லை. சொந்த அண்ணன் வாழ்க்கையைக் கெடுத்தவள் என்று உறவு முழுக்க என் பேர் ஓடுகிறது. ஓடட்டும்.

இன்று காலை சேலையை உங்கள் படத்துக்கு முன்னால் வைத்தேன். உத்தரவு எதுவும் கேட்கவில்லை. அடுப்படிக்குப் போனால் அவன் மேசையில் இருக்கிறான், அம்மா பார்லியை ஊற்றிக்கொண்டிருக்கிறாள். சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்வாசல் சாக்கடையில் கொட்டினேன். அம்மா, "அலமாக்," என்று நெஞ்சில் கை வைத்தாள்.

"சூடு இல்ல அண்ணே. இனி இந்த வீட்டுல யாரும் அத சூடுன்னு சொல்லக் கூடாது," என்றேன்.

அவன் என்னை அடிக்க வருவான் என்று நினைத்தேன். வரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசை மேல் போட்டான். உங்கள் கைப்பையில் இருந்த அதே மாத்திரை. பாதி தீர்ந்திருந்தது.

"கேக்க மாட்டேங்குது," என்றான். அட்டையை என் பக்கம் தள்ளிவிட்டு, "எந்தக் கிளினிக்கு?" என்றான்.

உங்களை எரித்த பிறகு, ஒரு பெண் வேண்டாம் என்று போன பிறகு, மருந்து கைவிட்ட பிறகு கேட்கிறான். சொன்னேன். இந்த அட்டையைக் காட்டு, யார் கொடுத்தான் என்று சொல், யாரிடமெல்லாம் போனாய் என்று ஒளிக்காமல் சொல் என்றேன். தலையாட்டினான். பிறகு அந்த ஆள், நம் வீட்டு ஆண்பிள்ளைச் சிங்கம், தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்:

"நீ கூட வர்றியா பாப்பா?"

வர மாட்டேன் என்றேன் அண்ணி. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தால் எப்படி இருக்கும் என்று அவனும் ஒரு தரம் உட்கார்ந்து பார்க்கட்டும். நீங்கள் இருந்திருந்தால் பாவம் என்று கூடப் போயிருப்பீர்கள். கோபப்படவே உங்களுக்குத் தெரியவில்லை. உங்கள் பங்கு கோபமும் என்னிடம்தான் இருக்கிறது. அதை நான் யாருக்காகவும் கீழே வைக்கப் போவதில்லை.