கடைசியில் என் முறை

ஜூன் 3
என் பட்டாலியனில் ஒரு விதி வைத்திருக்கிறேன். கூட்டத்தில் வயதில் சின்னவர் முதலில் பேச வேண்டும். தளபதியான நான் கடைசியில். பெரியவன் வாயைத் திறந்துவிட்டால் அப்புறம் எவனும் உண்மை சொல்ல மாட்டான். இன்று என் காவல் திட்டத்தை இளைய லெப்டினன்ட் கிழி கிழியென்று கிழித்தான். நடக்கும் சத்தமே கேட்காததால் அவனுக்குப் பூனை என்று பெயர். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அவன் சொன்னதே சரி.

ஜூன் 9
இந்த விதியை வீட்டில் பெருமையடித்தேன். "அங்க எல்லாரையும் பேச விடுறீங்க. இங்க மட்டும் ஏன் உத்தரவாவே வருது?" என்றாள் மனைவி. மகள் தலை நிமிரவில்லை. நான் சிரித்து மழுப்பிவிட்டேன்.

ஜூன் 17
நாளை வண்டிகளோடு ஆற்றைக் கடக்கும் பயிற்சி. ஜெனரல் பார்வையிட வருகிறார்.

ஜூன் 18
லாரி கவிழ்ந்தது. டிரைவர் இறந்துவிட்டான்.

ஜூன் 20
முந்தாநாள் ஜெனரல் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காலைக் கூட்டத்தில் நின்றபடியே சொன்னேன் — கிழக்குத் துறையில் இறங்குவோம், யாருக்காவது ஆட்சேபம் உண்டா? எல்லோரும் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினார்கள். பூனை வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். பார்த்தேன். பார்த்தும் வரைபடத்தைச் சுருட்டினேன்.

அன்று விடிந்ததுமே அவன் ஆற்றில் இறங்கிப் பார்த்திருக்கிறான். துறையில் மணல் அரித்துப் பள்ளம் விழுந்திருந்தது. முதல் லாரியே அதில் சாய்ந்தது. அந்த டிரைவர் முன்பு என் ஜீப்பை ஓட்டியவன். நான் பின்னால் தூங்கினால் பள்ளம் பார்த்து ஓட்டுவான்.

ஏன் சொல்லவில்லை என்று இன்று பூனையைக் கேட்டேன். அழுதுவிட்டான்.

"நீங்க முதல்லயே சொல்லிட்டீங்க சார். அதுக்கப்புறம் நான் எப்படி சார்?"

ஐயோ, தெரிந்தேதானே அந்த விதியைப் போட்டேன்! ஒரு நாள், ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?

ஜூலை 2
விசாரணை. பூனை பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளப் பார்த்தான். நான் குறுக்கிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னேன். வெளியே பெஞ்சில் டிரைவரின் மனைவி. என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். உட்காரும்மா என்றுகூடச் சொல்லாமல் கடந்து போனேன்.

ஆகஸ்ட் 11
பட்டாலியன் என் கையை விட்டுப் போனது. தொலைதூரப் பயிற்சிப் பள்ளியில் இளம் அதிகாரிகளுக்கு வகுப்பெடுக்க வேண்டுமாம். பாடம் என்ன? தலைமை! சிரிப்பதா, அழுவதா?

ஆகஸ்ட் 14
சாப்பிடும்போது மாற்றல் விஷயத்தைச் சொன்னேன். 'எல்லாரும் கிளம்பிடலாம்' என்பது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். "முதல்ல நீ சொல்லும்மா" என்றேன் மகளிடம்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் வாயே திறக்கவில்லை.

"நீங்க மட்டும் போங்கப்பா. நீங்க இல்லாதப்பதான் இங்க நிம்மதியா இருக்கு."

அடுத்து மனைவி. மகளை அதட்டுவாள் என்று நினைத்தேன். "அவ சொல்றதுதான்" என்றாள், தட்டைப் பார்த்தபடி.

கடைசியில் என் முறை. சரி என்றேன்.