ஒரே ஒரு பிரதி

ஜூன் 3, திங்கள்
காலையில் மட்டும் மூன்று தடவை, மறதி முற்றிய மாமி கேட் அருகே போய் நின்றுவிட்டார். மாமாவின் குரலைப் போட்ட பிறகுதான் வந்து உட்கார்ந்தார். விரல் நீளத்தில் ஒரு எம்பி3 பிளேயர். சாவதற்கு முந்தைய வருஷம் மாமா அதில் பாடியும் பைபிள் வாசித்தும் பதிந்தவை இருநூற்றுப் பதினேழு. அது ஓடும் வரை மாமிக்கு மாமா பக்கத்து அறையில் இருக்கிறார். நான் குளிப்பதும் சமைப்பதும் அந்த நேரத்தில்தான்.

மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் கணவர் ஷிஜின் போனில் பேசினார். "ஒரு வருஷம் பொறு, ஜெனிலா. வந்திருவேன்." போன வருஷமும் இதே ஒரு வருஷம்தான்.

ஜூன் 4
மார்த்தாண்டத்தில் இருக்கும் ஷிஜினின் அக்கா பெமிலாவைக் கூப்பிட்டேன். வாரத்தில் இரண்டு நாள் மாமியை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன்.

"அப்பா சத்தம் கேக்காம அம்மா ஒரு நேரம் இருக்கமாட்டாவட்டி. அந்த மெஷின் உங்க வீட்டுலதான கெடக்கு?"

அதையும் கொடுத்தனுப்பு என்று அக்கா சொல்லவில்லை. கொடுத்தனுப்புகிறேன் என்று நானும் சொல்லவில்லை; இருப்பது ஒன்றுதான், வழியில் தொலைந்தால் யார் பொறுப்பு?

ஜூன் 6
மாமி கேட்க ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று சர்ச் பாட்டுகள் கொஞ்சம் லேப்டாப்பிலிருந்து பிளேயரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பாதிகூட ஏறவில்லை, கேட் சத்தம். மாமி ரோட்டில் இறங்கிவிட்டார், எதிரே லாரி. குரலைக் கேட்டால் திரும்புவார் என்று பிளேயரை வயரிலிருந்து உருவிக்கொண்டு ஓடினேன்.

பிளேயர் பாடவில்லை. கையைப் பிடித்துத்தான் இழுத்து வந்தேன். பிறகு திரையைப் பார்த்தால் — கார்டில் பிழை. ஃபார்மட் செய்யவா?

நான் பிசிஏ படிச்சவ. பாட்டு ஏறிட்டிருக்கும்போ உருவக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? ஒரு நகல் எடுத்து வைக்க மூணு வருஷத்துல பத்து நிமிஷம் கிடைக்கல்லியா?

ஜூன் 7
"மாமா எங்கட்டி?"
இறந்துவிட்டார் என்று காலையில் மாமியிடம் சொன்னேன். இப்போதுதான் கேள்விப்பட்டவர் போல அழுதார். மறந்தார். மறுபடி கேட்டார். மதியத்துக்குள் ஆறு முறை மாமா செத்தார். அதன் பிறகு, "கோட்டாறு சந்தைக்குப் போயிருக்காவ" என்று பொய் சொல்லத் தொடங்கினேன்.

ஜூன் 8
ஃபார்மட் செய்யவா? 'ஆம்' என்றால் எல்லாம் அழிந்துவிடும்; அதன் மேல் என் விரல் ரொம்ப நேரம் நின்றது. ஏன் நின்றது என்று எழுதமாட்டேன்.

ஜூன் 10, திங்கள்
மாமி அயர்ந்ததும் வெளியே பூட்டிவிட்டுக் கோட்டாறுக்குப் போனேன். மொபைல் கடையில் சிந்தியா என்று ஒரு பெண்.

"ஃபார்மட் கொடுக்கல்லதானே?"

"இல்ல."

"அப்பம் பேடிக்காதீங்க, பயப்பட ஒண்ணுமில்ல. எந்தப் பாட்டு எங்க இருக்குன்னு சொல்லுற பட்டியல்தான் பாதியில அறுந்திருக்கு. பாட்டு உள்ளதான் கெடக்கும். இனி இதுல ஒண்ணும் ஏத்தாதீங்க."

பிளேயரை அவளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி மாமி. "என்னை வெளிய விடுட்டி." நான் போய்வந்தது ஒண்ணேகால் மணி நேரம். எவ்வளவு நேரமாக அப்படி நின்றாரோ. 'வெளிய விடு' — நானும் யாரிடம் சொல்வதென்று தெரியாமல் வைத்திருந்த வார்த்தை.

ஜூன் 14
சிந்தியா மீட்டதில் இருநூற்று ஒன்பது கிடைத்தன. பெயர்கள் போய்விட்டன, எல்லாம் வெறும் எண்கள். எட்டு கிடைக்கவில்லை.

சிந்தியா சொன்னவை: கணினியில் 'வெளியேற்று' கொடுத்த பிறகே வயரை எடுக்க வேண்டும். சார்ஜ் குறைவாக இருக்கும்போது எதையும் ஏற்றக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே — "ஒண்ணே ஒண்ணா வச்சிருந்தா என்னைக்காவது போவும்."

மூன்று நகல் எடுத்தேன்: லேப்டாப்பில் ஒன்று, ஷிஜினுக்கு ஒன்று, புது பிளேயரில் ஒன்று.

மாமி கண்ணை மூடிக்கொண்டு மாமாவின் குரலைக் கேட்டார். "ஜலதோஷம் புடிச்சிருக்கு இவங்களுக்கு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜூன் 15
புது பிளேயரோடு மாமியையும் கூட்டிக்கொண்டு சொல்லாமல் மார்த்தாண்டம் போனேன். பெமிலா அக்காவின் கையில் அதை வைத்தேன்.

"இருநூத்தி ஒம்பதும் இதுல இருக்கு. தொலைஞ்சாலும் பரவாயில்ல, என்கிட்ட வேற இருக்கு."

அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டனை அழுத்தினார். மாமா வாசிக்கத் தொடங்கியதும் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்பாவின் குரலை அவர் கேட்டே மூன்று வருஷம் இருக்கும். அதை நான் யோசித்ததே இல்லை.

வாசிப்பு முடிந்ததும் சொன்னார், "வெள்ளிக்கெழம அம்மாவக் கொண்டு விடு. ஞாயித்துக்கெழம நான் கொண்டுவாறேன்."

ஜூன் 22, சனி
நேற்று மாமியை மார்த்தாண்டத்தில் விட்டாயிற்று. வடசேரி பஸ் ஸ்டாண்டு. முட்டம் பஸ் போனது, கன்னியாகுமரி பஸ் போனது. எதில் ஏறுவது என்று தெரியவில்லை. ஒரு டீ குடித்தேன், சூடாக. போனை எடுத்துப் பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை. அடுத்த பஸ் வந்தது. போர்டைப் பார்க்காமலே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.