விடியற்காலைக் கோடு

என் தாயி ரம்யாவுக்கு அம்மா எழுதுவது. பூம்பாறையில் நானும் உன் அப்பாவும் தம்பி பாலமுருகனும் குழந்தை வேலப்பர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், மெல்போர்னில் நீயும் உடம்பு நோவில்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழ வேண்டும் என்பதுதான் நித்தமும் என் வேண்டுதல். போனில் பேசாமல் இதென்ன கடுதாசி என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், சொல்ல வந்ததைச் சொல்ல முடியாது. எழுதி முடித்ததும் தம்பி இதைப் படம் பிடித்து அனுப்பிவிடுவான். போன வாரம் நீ, ஆராய்ச்சி முடிந்துவிட்டது, குழாயில் மாட்டிய பெட்டியைக் கழற்றி அனுப்பச் சொல் என்றாயே, அதைப் பற்றித்தான்.

அந்தப் பெட்டி வந்த புதிதில் நான் ஒன்றும் பெரிதாக நினைக்கவில்லை. வீட்டில் எந்த நேரத்துக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று உன் கம்ப்யூட்டரில் கோடு போட்டுக் காட்டும், ஆராய்ச்சியில் நம் வீட்டையும் சேர்த்துக்கொள்கிறேன் என்றாய், தம்பி தொட்டியிலிருந்து வரும் குழாயில் மாட்டினான், அத்தோடு மறந்துவிட்டேன். பிறகு நீ போனில் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாய் பார், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. செவ்வாய்க்கிழமை போர்வை துவைத்தீர்களா என்றாய், துவைத்தோம். தேருக்குச் சிவபாக்கியம் சித்தி வீட்டார் வந்து தங்கினார்களா என்றாய், தங்கினார்கள். கக்கூஸ் தொட்டியில் ஒழுகிக்கொண்டே இருக்கிறது, வாஷரை மாற்றச் சொல் என்றாய், போய்ப் பார்த்தால் ஒழுகத்தான் செய்தது. கடல் தாண்டி இருந்துகொண்டு நம் வீட்டில் சொட்டுகிற தண்ணீரைப் பார்க்கிறாள் என் மகள் என்று தெருவெல்லாம் போய்ச் சொன்னேன். ஆளுக்கு ஒரு நடை இருக்கிற மாதிரி வீட்டுக்கு வீடு தண்ணீர் புழங்குவதிலும் ஒரு போக்கு உண்டு என்று நீ சொன்னதை நினைக்க நினைக்க இன்னும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. உன் அப்பா மட்டும், கொழாய்த் தண்ணிக்கு வாய் மொளச்சிருச்சாக்கும் என்று முனகிவிட்டுப் பூண்டு மூட்டை தைக்கப் போய்விட்டார். அத்தை மகன் செந்தில்வேலைக் கட்டமாட்டேன் என்று நீ படிக்கப் போனதிலிருந்து உன் பேரை அவர் வாயில் எடுப்பதில்லை. அக்காவுக்குக் கொடுத்த வாக்கு போய்விட்டது என்ற வீம்பு, அது உனக்கும் தெரியும்.

மாசியில் ஒரு நாள், முந்தின சாயங்காலமே டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீரில் காலைச் சோலியை முடித்துவிட்டேன், குழாயையே தொடவில்லை. நீ பதறிப்போய்க் கூப்பிட்டாய். ஏம்மா வீட்ல தண்ணியே ஓடல, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்கும்போதே அழுதுவிட்டாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது. உன் அப்பா கேட்டார், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். மறுநாளிலிருந்து விடியுமுன்னே வாசலில் குழாய் ஓடுகிற சத்தம். குளிக்கக்கூட நான் வெந்நீர் விளாவி வைக்க வேண்டிய மனிதர் ஆயிற்றே, உடம்புக்கு ஏதும் செய்கிறதோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். பனி கொட்டுகிறது, தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு மாட்டுத் தொட்டி நிறையும் வரை நிற்கிறார். கண் தொட்டியின் மேல் இல்லை, பெட்டியில் பச்சையாக மினுங்குகிற விளக்கின் மேல் இருக்கிறது. நிறைந்ததும் மூடினார், பெட்டியில் படிந்திருந்த பனியைத் துண்டால் துடைத்தார், வந்து படுத்துக்கொண்டார். தினமும் இதேதான். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் இந்த மனிதருக்குள் இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று மலைத்துப்போனேன்.

அம்மா இப்பல்லாம் வெள்ளனே எந்திரிச்சிர்ற, ஆபீஸ்ல உக்காந்ததும் உன் கோட்டைத்தான் மொதல்ல பாக்குறேன், அப்பறந்தான் எனக்கு வேலையே ஓடுது என்று நீ சிரித்தாய். அது நானில்லை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அவர் எதிரே இருந்தார், விழுங்கிவிட்டேன். பெட்டியைக் கழற்றச் சொன்ன அன்றைக்குப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிவிட்டார்.

நேற்று வடுகபட்டி சந்தைக்குப் பூண்டு ஏற்றிக்கொண்டு புறப்பட்டார், நாளைக்குத்தான் திரும்புவார். ஜீப்பில் ஏறி உட்கார்ந்தவர் இறங்கி வந்தார். பணப்பையை மறந்துவிட்டாரோ என்று பார்த்தால், என் முகத்தைப் பார்க்காமல், நாளைக்கு வெள்ளனே நீ எந்திரிச்சுக் கொழாயத் தொறந்து விடு, அயந்து தூங்கிறாத, ரம்யா பயந்துரும் என்றார். உன் பேரை அவர் வாயால் கேட்டு எத்தனை காலம் கண்ணு. ஜீப் போன பிறகும் அங்கேயே நின்று அழுதேன்.

நான் சொன்னதாக அவரிடம் காட்டிக்கொள்ளாதே, கூச்சப்பட்டு நிறுத்திவிடுவார். ஆபீசில் என்ன சொல்வாயோ தெரியாது, பெட்டியை மட்டும் கேட்காதே, நான் கழற்ற விடமாட்டேன். தலைக்கு எண்ணெய் வை, ராத்திரி வெறும் ரொட்டியோடு படுக்காதே. வேலப்பர் உன் கூடவே இருந்து காப்பார், நீ நல்லா இருக்கணும் தாயி. இன்று காலை நீ பார்த்த கோடு மட்டும்தான் என்னுடையது. மற்றதெல்லாம் உன் அப்பா.

இப்படிக்கு,
உன் அம்மா சோலையம்மாள்